மிச்ச உப்பு

செப்டம்பர் 1, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. பஸ் நின்ற இடத்திலிருந்து வீடுவரை மீட்டர் பெட்டியை நானே சுமந்தேன். அடையாள அட்டையில் 'குழல்வாய்மொழி, நீரியல் ஆய்வாளர்' என்று இருக்கிறது. இந்த ஊருக்கு நான் 'தண்ணி பாக்க வந்த மேடம்'. கைரேகை பார்க்க வந்தவள் மாதிரி இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

வேலை பெரிய வேலையில்லை. ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் மலை. மேலே ஒரு குழி இருக்கிறது. ஓடைத் தண்ணீர் அதற்குள் போய்க் காணாமல் போகிறது, முழுங்கிக் குழி என்கிறார்கள். அடிவாரத்தில் ஓர் ஊற்று. மூன்று ஊர் அதைத்தான் குடிக்கிறது. குழிக்குப் பக்கத்தில் கல் வெட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. குழியில் விழுகிற தண்ணீர்தான் ஊற்றில் வருகிறதா என்று நான் சொல்ல வேண்டும். வருகிறது என்றால் கல் வெட்ட முடியாது.

தங்கியிருப்பது முப்பிடாதி அக்காவின் வீட்டுப் பின்கட்டில். முன்பக்கம் அவளுடைய இட்லிக் கடை. புழக்கடையில் ஓர் அடிபம்பு இருக்கிறது. அதை யாரும் குடிப்பதில்லையாம். உப்புத் தண்ணீரா என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்கும் மேடம். ஆனா நாங்க ஊத்துலதான் எடுக்கிறது. பழகிப்போச்சு."

ஊற்றிலிருந்து குடம் சுமக்க எனக்கு இடுப்பில்லை. பம்புத் தண்ணீரைக் காய்ச்சி வைத்துக்கொண்டேன். ருசியாகவே இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

நிலத்துக்கடியில் இருக்கிற தண்ணீருக்கு வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. ஒரே சூட்டில் இருக்கும். ஒரு தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிய, முதலில் அதன் சூட்டைத்தான் பார்க்க வேண்டும். ஊற்று 26.8 டிகிரி. காலையிலும் அதுதான், உச்சி வெயிலிலும் அதுதான். தோட்டக் கிணறுகள் எல்லாம் முப்பதுக்கு மேலே.

சும்மா இருக்காமல் அடிபம்பையும் அளந்தேன். 26.8. தற்செயல்.

முப்பிடாதி அக்கா இடதுபுறம் நின்று ஏதோ கேட்டிருக்கிறாள், எனக்குக் கேட்கவில்லை. இடது காது கொஞ்சம் மந்தம். முன்பு டாக்டர்கூட எப்படி ஆயிற்று என்று கேட்டார். குளிர் என்று சொன்னேன்.

"என்ன மேடம், சட்னியத் தொடவே மாட்டேங்கிய. உப்பு ஆகாதா? பிரஷரா?"

"ஆமாக்கா."

எனக்கு பிரஷர் கிடையாது. உப்பில்லாமல் சாப்பிடப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 4, வியாழன்

இரண்டு மூட்டை கல் உப்பு வந்து இறங்கியது. சாயம் கலந்து விட்டால் வேலை சுலபம். ஆனால் குடிதண்ணீர் பச்சையாக வந்தால் மூன்று ஊரும் என்னைக் கட்டிவைத்து உதைக்கும். உப்பு பாவமில்லாத பொருள். தண்ணீரில் உப்பு கூடினால் மின்சாரம் அதில் சுலபமாக ஓடும், மீட்டர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மேலே போடு, கீழே எவ்வளவு வருகிறது என்று கணக்கெடு. போட்டதும் வந்ததும் சரியாக இருந்தால் பாதை ஒன்றுதான். குறைந்தால் மிச்சம் வேறெங்கோ போயிருக்கிறது.

மூட்டையைப் பிரித்தபோது பழைய ஞாபகம். வீட்டில் சாம்பாருக்கு நான் உப்பை ஆய்வகத் தராசில் நிறுத்துப் போடுவேன். சிரிப்பாக இருக்கும் கேட்டால். அவருக்கு உப்பு சரியாக இருக்க வேண்டும். அவர் என்றால் என் கணவர், சங்கரநயினார். கத்தவே மாட்டார். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டை மெதுவாகத் தள்ளி, "உப்பு?" என்று ஒரு சொல் கேட்பார். அப்புறம் கை கழுவப் போவார். நான் தரையைத் துடைப்பேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. தயிர் வாங்கிட்டு வாரேன், வந்து பேசிக்கிடுதேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். மாமியார் கோவில் கோவிலாக நேர்ந்துகொண்டாள். நான் அழுகிறேனா என்று எல்லோரும் பார்த்தார்கள். அழுதேன். பிறகு கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்தேன். அப்படியொரு தூக்கம் கல்யாணத்துக்குப் பிறகு தூங்கியதில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

உப்பு போட்டாயிற்று. சுமையாட்கள் மூட்டைகளை மேலே கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குழிப்பக்கம் வரமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். பிளாஸ்டிக் டிரம்மில் நானே கரைத்து நானே ஊற்றினேன். குழி தொண்டை மாதிரி சத்தம் போட்டுக் குடித்தது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று வந்து முகத்தில் பட்டது.

இறங்கி வந்ததும் முப்பிடாதி அக்கா கடையை விட்டு எழுந்து வந்தாள். முகம் சரியில்லை.

"குழியில உப்பா போட்டிய? யார நெனச்சுப் போட்டிய?"

"யாரையும் நினைக்கலக்கா. இது சோதனை."

"வீட்ட விட்டுப் போனவுகள நெனச்சு அங்கன உப்புப் போடுறது எங்க ஊரு வழக்கம் மேடம். உப்பு ஊத்துல வந்தா ஆளு வந்துரும். எம்புட்டு உப்பு வருதோ அம்புட்டு ஆளு. எங்க மதினி அண்ணனுக்காகப் போட்டா. பாதிதான் வந்துச்சு. தெருமுக்குல ஒருத்தன் உக்காந்திருக்கான்லா? அவன்தான் எங்க அண்ணன். கூப்பிட்டாத் திரும்புவான். பேச மாட்டான்."

"மிச்சப் பாதி?"

"தண்ணிதானே மேடம். எவ வயித்துலயாவது போயிருக்கும். மதினி இப்ப ரெண்டாளு பேச்சு பேசுதா."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. எதையாவது நினைத்தீர்களா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று மறுபடி கேட்டாள். உப்பு கரைக்கும்போது உப்பைத்தான் நினைத்தேன். சரியாக இருக்க வேண்டுமே என்று நினைத்தேன்.

செப்டம்பர் 6, சனி

ஊற்றில் ஒன்றுமில்லை. துணி துவைத்தேன்.

செப்டம்பர் 8, திங்கள்

வந்துவிட்டது.

காலையில் மீட்டர் எண் மெல்ல ஏறத் தொடங்கியது. மதியத்துக்குள் இரண்டு மடங்கு. தொடர்பு உறுதி. கம்பெனிக்காரர்கள் வேறு மலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். சந்தோஷமாக இருந்தது.

குடத்தோடு வந்த முப்பிடாதி அக்கா ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, குடத்தை நிறைக்காமலே நின்றாள்.

"யாரு மேடம் வாராவ?"

மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. வெயில் அதிகம்.

செப்டம்பர் 10, புதன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணி பஸ்ஸிலிருந்து அவர் இறங்கினார். அதே கட்டம் போட்ட சட்டை. அதே செருப்பு. கையில் தயிர் பாக்கெட். பாக்கெட் வியர்த்திருந்தது, ஐஸ்பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி.

கடைவாசலில் நின்று, "மொழி, தயிரு" என்றார்.

 எத்தனையோ நாள் இதை நினைத்துப் பயந்திருக்கிறேன், வந்து நின்றால் என்ன சொல்வது என்று. வாயில் வந்தது "வாங்க" மட்டும்தான். எங்கே போனீங்க என்று கேட்டேன்.

"நடந்துக்கிட்டே இருந்தேன். ஒரே இருட்டு. ஈரமா இருந்துச்சு" என்றார். அதற்கு மேல் கேட்டால் யோசிக்கிறார், வரவில்லை.

முப்பிடாதி அக்கா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பை அணைத்தாள்.

செப்டம்பர் 13, சனி

போகச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன். ஆனால் இவரைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறார். தட்டைத் தானே கழுவி வைக்கிறார். நான் உப்பில்லாமல் வைத்த கூட்டைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு மொழி" என்றார். அவர் தட்டை நகர்த்தும்போது என் முதுகு தானாக விறைத்துக்கொண்டது. அவர் சும்மா தண்ணீர்ச் செம்பைத்தான் எடுத்தார்.

பம்புத் தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டேன் என்கிறார். முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார். அவருக்கு முப்பிடாதி அக்காவிடம் ஊற்றுத் தண்ணீர் ஒரு குடம் வாங்கி வைத்திருக்கிறேன்.

மத்தியானம் அவர் தூங்கும்போது வெப்பமானியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். 26.8. கருவி பழுதோ என்று என் கையில் வைத்தேன். முப்பத்து மூன்று. கருவி நன்றாக இருக்கிறது.

உப்புக் கணக்கையும் போட்டேன். எண் இறங்கி, வால்போல நீண்டு, அடங்கிவிட்டது. போட்டதில் நூற்றுக்கு அறுபதுதான் வந்திருக்கிறது. எம்புட்டு உப்போ அம்புட்டு ஆளு. அப்படியென்றால் இந்த அறுபதில் "உப்பு?" என்கிற அந்த ஒரு சொல் இல்லை. கடவுளே, அது வராமலே போகட்டும்.

செப்டம்பர் 15, திங்கள்

மனது லேசாக இருக்கிறது என்று எழுதவே பயமாக இருக்கிறது. இன்று மாலை அவர் புழக்கடையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். எனக்குத் தெரிந்து அவர் கீரையைத் தொட்டதே கிடையாது. இப்படியே இருந்தால் இருந்துவிடலாம் என்று தோன்றியது.

செப்டம்பர் 17, புதன்

இரண்டு வருடத்துக்குப் பிறகு நாக்கில் உப்பு கேட்கிறது. முப்பிடாதி அக்காவின் சட்னியை வாங்கித் தொட்டுப் பார்த்தேன். உப்பு குறைவு. சொன்னேன். கடைக்காரி, உப்புகூடப் போடத் தெரியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

வேலை அதிகம். எரிச்சல். அவர் வெங்காயத்தைத் தடிதடியாக நறுக்கி வைத்திருக்கிறார். ஒரு வேலை சொன்னால் உருப்படியாகச் செய்யத் தெரிவதில்லை.

செப்டம்பர் 20, சனி

தட்டு கை தவறி விழுந்துவிட்டது.

செப்டம்பர் 22, திங்கள்

"நேத்தும் முந்தாநேத்தும் என்ன மேடம் சத்தம்?" என்று முப்பிடாதி அக்கா கேட்டாள்.

"தட்டு விழுந்துச்சு."

"ரெண்டு நாளுமா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "புருசன 'ஏல'ன்னா கூப்பிட்டிய மேடம்?" என்றாள். நான் அப்படிக் கூப்பிடவில்லை. அவளுக்கு எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் இட்லி வேகாது. நயினார் என்ன சொன்னான் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். வாசற்படியில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

செப்டம்பர் 24, புதன்

அறிக்கை முடிய, நாற்பது பங்கு உப்பு எங்கே போயிற்று என்று தெரிய வேண்டும். ஊரைச் சுற்றி இருக்கிற கிணறு ஒன்று விடாமல் அளந்தேன். எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்கிறது. சலிப்போடு வீட்டுக்கு வந்து, மீட்டரைக் கழுவ அடிபம்பை அடித்தேன். வாளிக்குள் மீட்டர் கிடந்தது. எண் ஏறியது. நிற்காமல் ஏறியது.

ஊற்றில் உச்சத்தில் இருந்ததைவிட இங்கே அதிகம்.

இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். முதல் வாரமே 26.8 என்று என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரே சூடு, ஒரே தண்ணீர். யாருடைய கிணறாக இருந்தாலும் அந்தச் சந்தேகம் வந்திருக்கும். நான் குடிக்கிற தண்ணீர் என்பதால் சோதிக்கத் தோன்றவில்லை. மலைக்குள் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஊற்றுக்குப் போகிறது. இன்னொன்று இந்த வீட்டுக்கடியில் வந்து நிற்கிறது. குடிப்பது நான் ஒருத்தி மட்டும்.

பதினாறு நாளாக அவரைக் குடித்திருக்கிறேன். அவரிடம் இல்லாத பங்கை.

பயமாக இருக்கிறது. அவர் வந்து நின்றபோது இருந்த பயமில்லை இது. அப்போது கதவு எந்தப் பக்கம் என்று தெரிந்திருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

முப்பிடாதி அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தத் தண்ணிய இன்னையோட நிறுத்துங்க. நான் ஊத்துத் தண்ணி கொண்டாந்து தாரேன், குடிச்சா கொஞ்சம் கொஞ்சமா உப்பு எறங்கிரும். மதினிகிட்ட இதத்தான் சொன்னேன். கேக்கல. நீங்க படிச்சவுக, கேப்பிய. அந்த மனுசனையும் அவுக அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்க. பாவம், பச்சப்புள்ள மாதிரி இருக்காரு."

சரி என்றேன். அவள் போனபிறகு பம்பின் கைப்பிடியைக் கயிறால் கட்டிவைத்தேன். இன்று முழுவதும் ஊற்றுத் தண்ணீர்தான் குடித்தேன். சப்பென்று இருந்தது. ஆனால் மாலையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. 'உங்களுக்குக் கை வலிக்குதா' என்று நானே கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

நாளை அவருக்கு சங்கரன்கோவில் பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

பஸ் தவறிவிட்டது. தொண்டை வறட்சி. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை.

செப்டம்பர் 27, சனி

கயிற்றை அவிழ்த்தேன். ஒரு டம்ளர்தான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஊற்றுத் தண்ணீர்க் குடத்தை அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டு முப்பிடாதி அக்கா என்னைப் பார்த்தாள். பம்படி ஈரமாக இருந்ததைப் பார்த்துவிட்டாள்.

"மேடம், கட்டுன கயிறு எங்க?"

வாசலில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவனைத்தான் கேட்கச் சொன்னேன். அவனுக்கு ஒன்றும் தெரியாதாம். எப்போதும் போல. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும் என்று சொல்வார்களே, நான் தண்ணீர்தானே குடிக்கிறேன், இதில் என்ன தப்பு என்று கேட்டேன். அவள் போய்விட்டாள். இனி தண்ணீர் கொண்டுவர மாட்டாள் போல. நல்லது.

அக்டோபர் 3, வெள்ளி

அறிக்கையை அனுப்பியாயிற்று. குழிக்கும் ஊற்றுக்கும் தொடர்பு உண்டு, கல் வெட்ட அனுமதிக்கக் கூடாது. வராத நாற்பது பங்கு பாறை இடுக்குகளில் தங்கியிருக்கலாம் என்று எழுதினேன். அலுவலகத்தில் பாராட்டினார்கள். உடனே திரும்பச் சொன்னார்கள். இன்னும் சில அளவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது, இங்கேயே கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றேன். இந்தத் தண்ணீர் பழகிவிட்டது.

வெப்பமானியையும் மீட்டரையும் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன். என் கையை அளந்து பார்க்கலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. அவசியமில்லை.

அக்டோபர் 8, புதன்

இப்போது சமையல் அவன்தான். சொல்லிக்கொடுத்தால் செய்கிறான். நேற்று ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு?" என்று மட்டும் கேட்டேன். கத்தவெல்லாம் இல்லை. எனக்குக் கத்தப் பிடிக்காது. அப்புறம் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இன்று என் பெட்டியிலிருந்து சின்னத் தராசை எடுத்துவைத்து, உப்பை நிறுத்துப் போட்டான். ஒரு கல் கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்து மறுபடி நிறுத்தான். சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

முப்பிடாதி அக்கா கடையிலிருந்து அவனை இரண்டு தடவை கூப்பிட்டாளாம், திரும்பியே பார்க்கவில்லையாம். இடதுபுறம் நின்று கூப்பிட்டால் இப்போது அவனுக்குக் கேட்பதில்லை. எப்படி ஆச்சு என்று அவள் என்னைக் கேட்டாள்.

குளிர் என்று சொன்னேன்.